திருக்குறள் அடுக்கை முன்வைத்து நூலக அட்டவணையை ஒழுங்குபடுத்தும் முறை

நூலக அட்டவணையில் ‘திருக்குறள்’ என்று தட்டிப் பாருங்கள். மூலம் மட்டும் உள்ள கையடக்க நூல், பரிமேலழகர் உரை, மு.வ. தெளிவுரை, போப்பின் ஆங்கிலம், சிறுவர்க்கான குறள் கதைகள் எல்லாம் கலந்துகட்டி வந்து விழும். ஒவ்வொரு பதிவும் தன்னளவில் சரியாக இருக்கலாம். ஒன்றுக்கு ஒன்று என்ன உறவு என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அந்த உறவை எழுதத்தான் 1998இல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா, எஃப்ஆர்பிஆர் என்ற மாதிரியை வெளியிட்டது. அதையும் அதன் வழிவந்த இரண்டு மாதிரிகளையும் ஒன்றாக்கியது 2017இன் எல்ஆர்எம் என்ற நூலகக் குறிப்பு மாதிரி.

எல்ஆர்எம் 11 உருபொருள்களை, அதாவது விவரிக்க வேண்டிய பொருள் வகைகளை, சொல்கிறது. அன்றாட வேலைக்கு நான்கைப் பிடித்துக்கொண்டால் போதும். வள்ளுவரின் குறள், எந்த மொழி, எந்தத் தாள் என்று பாராமல், ஒரு படைப்பு. அதன் தமிழ் மூலம் ஒரு வெளிப்பாடு. போப்பின் மொழிபெயர்ப்பு இன்னொரு வெளிப்பாடு. ஒருவர் வாசித்த ஒலிப்பதிவும் அப்படியே. ஒரு பதிப்பகம் அச்சிட்டு வெளியிட்டது பதிப்பு. உங்கள் அலமாரியில் பார்கோடு ஒட்டி நிற்பது பிரதி.

முதலில் கணினியைத் தொடாதீர்கள். இருக்கிற குறள் நூல்களையெல்லாம் மேசையில் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டைச் செருகுங்கள். சீட்டில் நான்கு வரிகள், கீழிருந்து மேலாக: பிரதி, பதிப்பு, வெளிப்பாடு, படைப்பு. கையில் இருப்பது பிரதி என்பதால் அங்கிருந்து தொடங்குவதே எளிது. பிறகு சீட்டுகளின் மேல்வரியைப் பார்த்து நூல்களை அடுக்குங்கள்.

மறு அச்சுதான் அதிகம் குழப்பும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்பகம், ஐஎஸ்பிஎன், பக்க எண்ணிக்கை மூன்றும் மாறாமல், அச்சிட்ட ஆண்டு மட்டும் மாறியிருந்தால் புதிய பதிவு வேண்டாம். பழைய பதிவிலேயே பிரதியைச் சேருங்கள். கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் இருந்தால் அவை இரண்டு பதிப்புகள். அச்சு நூலை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதே வெளிப்பாட்டின் வேறு பதிப்பு. குறளை வைத்து எழுதிய சிறுவர் கதைகள் தனிப் படைப்பு. அதைக் குறளின் வெளிப்பாடாக்கினால் மூலம் தேடுகிறவர் ஏமாறுவார்.

உரைநூல் என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பரிமேலழகர் உரை அவருடைய சொந்தப் படைப்பு. அது மூலத்தோடு சேர்ந்து அச்சாகும்போது ஒரே பதிப்புக்குள் இரண்டு படைப்புகளின் வெளிப்பாடுகள் இருக்கின்றன. எல்ஆர்எம் இதைத் தொகுப்பு என்று கொள்கிறது. முதன்மைப் பதிவு வள்ளுவர் பெயரிலா உரைகாரர் பெயரிலா என்பதை ஒருமுறை முடிவுசெய்து எழுதிவையுங்கள். ஆளுக்கொரு விதமாகப் போட்டால் உரைகள் இரண்டு இடத்தில் சிதறும்.

1886இல் வந்த ஜி.யு. போப்பின் நூல் இதற்கு நல்ல பயிற்சி. அதில் தமிழ் மூலமும் போப்பின் ஆங்கிலமும் மட்டுமல்ல, குறிப்புகளுக்கிடையே வீரமாமுனிவரின் லத்தீனும் எல்லிஸின் ஆங்கிலமும் மறு அச்சாகியிருக்கின்றன. ஒரே பதிப்பு, ஒரே படைப்பின் பல வெளிப்பாடுகள். மார்க் என்பது நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களிலும் எழுத்திட்ட துணைப்புலங்களிலும் எழுதும் கணினி வடிவம். அதில் இதை இப்படிப் போடலாம். ஆசிரியர் புலமான 100இல் திருவள்ளுவர். படைப்பின் பொதுத் தலைப்புக்கான 240இல் திருக்குறள், ‘எல்’ துணைப்புலத்தில் ஆங்கிலம். 245இல் தலைப்புப் பக்கத்தில் உள்ளது உள்ளபடி. மொழிப் புலமான 041இன் முதல் சுட்டி (புலத்தின் தொடக்கத்தில் வரும் இலக்கம்) 1, அதாவது மொழிபெயர்ப்பு உண்டு; ‘ஏ’ துணைப்புலம் மூன்று முறை வந்து மூன்று மொழிகளையும் காட்டும், ‘எச்’சில் மூலமொழியான தமிழ். போப்புக்கு ஒரு 700 (கூடுதல் பெயர்ப் புலம்), மொழிபெயர்ப்பாளர் என்ற உறவுச் சொல்லோடு. லத்தீன் வெளிப்பாட்டுக்கு இன்னொரு 700, இந்த நூலுக்குள் அடங்கியது என்று காட்ட இரண்டாம் சுட்டி 2: வள்ளுவர் பெயர், ‘டி’யில் (t) திருக்குறள், ‘எல்’லில் லத்தீன். இந்தப் புலங்கள் உள்ளீட்டுப் படிவத்தில் மறைந்திருந்தால் நூலக மென்பொருளான கோஹாவின் மார்க் சட்டகத்தில் திறந்துவிடுங்கள்.

எல்லாப் பதிவிலும் 240 ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தால்தான் நூல்கள் ஒன்றுசேரும். அதனால் ஒரு பெயரின் ஏற்ற வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் சேர்த்துவைக்கும் பெயர்க்கட்டுப்பாட்டுப் பதிவு தேவை: ஏற்ற வடிவம் திருக்குறள், ‘காண்க’ வடிவங்களாக முப்பால், தமிழ்மறை, குறள். வள்ளுவர், திருவள்ளுவ நாயனார் என்ற ஆசிரியர் பெயர்களுக்கும் இதே ஏற்பாடு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையும் உண்டு. ‘பொருட்பால்’ என்பதில் உள்ள ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் (யூனிகோடு எண் 0BCA) உள்ளிடலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடே தெரியாது. தேடலிலும் பெயர்க்கட்டுப்பாட்டுப் பொருத்தத்திலும் இரண்டும் வெவ்வேறு சொற்களாகிவிடலாம். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டுவதும் இதே வகை, ஆனால் ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு சீராக்கம் இதைச் சரிசெய்யாது, கையால்தான் திருத்த வேண்டும். ஒகரக்குறிக்கு, பதிவுகளை ஏற்றுமதி செய்து, அந்தச் சீராக்கத்தின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, பிறகு மீண்டும் இறக்குமதி செய்யுங்கள். ஒன்றிணைக்கும் வேலைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

நன்கொடையாளர் கையெழுத்து, கிழிந்த பக்கம், சேர்க்கை எண் மூன்றும் பிரதிக்கு உரியவை. அவற்றைப் பொதுக் குறிப்புப் புலமான 500இல் எழுதினால் அந்தப் பதிப்பின் எல்லாப் பிரதிக்கும் ஒட்டிக்கொள்ளும். கோஹாவில் பிரதி விவரத்துக்கான 952தான் இடம். வாசகர் பார்க்கும் குறிப்பு அதன் ‘இசட்’ துணைப்புலத்தில்.

கடைசியில் இரட்டைப் பதிவுகளை ஒன்றிணையுங்கள். விவரம் நிறைந்த பதிவை முதன்மையாகத் தேர்ந்தால் மற்றதன் பிரதிகள் அதற்குள் வந்துசேரும். ‘காண்க’ வடிவங்களைத் தேடலில் சேர்க்கும் விருப்பத்தை இயக்கி, தேடலுக்கான சொல்லடைவை மறுபடி உருவாக்கி, ‘முப்பால்’ என்று தேடுங்கள். போப்பின் நூல் பட்டியலில் வராவிட்டால் அதன் 240ஐத் திறந்து பாருங்கள். பெயர்க்கட்டுப்பாட்டுப் பதிவோடு இணைப்பு விட்டுப்போயிருக்கும்.