பாண்டிக்கு வருகிறவர்கள் கடலிலும் கரையிலும் செய்யும் தவறுகள்

புதுச்சேரிக்கு இரண்டு நாள் விடுமுறையில் வருகிறவர்கள் சனிக்கிழமை இரவைத்தான் முதலில் திட்டமிடுகிறார்கள். கடல் எங்கே போய்விடும், காலையில் குளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உயிர் போகிற தவறு அந்தக் குளியலில்தான் நடக்கிறது.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு முன்னால் இருப்பது குளிக்கும் இடம் அன்று. ஒரு காலத்தில் அங்கே அகன்ற மணல் கிடந்தது. இந்தக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகத் தெற்கே கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை வழிமறித்தன. கடல் கரையைத் தின்றது. தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கற்கள் கிடக்கும் இடங்களில் அலை நனைக்கும் பக்கமெல்லாம் பச்சைப் பாசி. கால் வைத்தால் வழுக்கும், இடுக்கில் கணுக்கால் மாட்டும். படம் எடுப்பதற்காக அதில் இறங்காதீர்கள்.

மணல் தேடி வடக்கே செரினிட்டிக்கும், தெற்கே சுண்ணாம்பாற்றில் படகேறி பாரடைஸ் கடற்கரைக்கும் போகிறார்கள். ஒரு மாலை செரினிட்டியில் நின்றிருந்தேன். இருபுறமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவே ஒரு தெரு அகலத்துக்கு அலையே உடையாமல், மணல் கலங்கிய தண்ணீர் அமைதியாகத் தெரிந்தது. குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் அங்கேதான் அலை இல்லை என்று இறங்கப் பார்த்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் எழுந்து ஓடிவந்து தடுத்தார். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. நன்றாக நீந்துகிறவர்களே களைத்து மூழ்குவது அப்படித்தான். பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தி விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் இன்னும் மூர்க்கமாக இருக்கும். குடித்திருந்தால் எந்த மாதமானாலும் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள்.

குடி என்றதும் எல்லையைச் சொல்ல வேண்டும். மது வாங்கப் புதுச்சேரியில் 18 வயது போதும். தமிழ்நாட்டில் 21 ஆக வேண்டும். ஊர் எல்லையோ கோணல்மாணலாக ஓடுகிறது. செரினிட்டி இருக்கும் கோட்டக்குப்பமும், ஆரோவில்லும் விழுப்புரம் மாவட்டம். நகரத்தில் வாங்கிய பாட்டிலோடு கடற்கரைக்குத்தானே போகிறோம் என்று கிளம்புகிறவர் மாநிலம் தாண்டிவிடுகிறார். கடலூர்ப் பக்கம் போனால் ஆல்பேட்டை சோதனைச்சாவடி இருக்கிறது. பிடிபட்டால் வழக்கு, வண்டியும் போகும். வாடகை ஸ்கூட்டரில் போதையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவது இதைவிட மோசம்.

சின்னத் தவறுகளும் உண்டு. ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளறையைப் பார்க்க முன்பதிவு வேண்டும். நேரே போய் நின்றால் விடமாட்டார்கள். மணக்குள விநாயகர் கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும்.

எனக்கு மனம் ஆறாத தவறு ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் மரத்தூணும் தாழ்வாரமுமாகத் தமிழர் தெருக்கள் நிற்கின்றன. 1908-இல் பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி வந்து பத்தாண்டுகள் இந்த ஊரில் இருந்த பாரதி வாழ்ந்த வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கிறது. இரண்டு பகுதியிலும் வீடுகளுக்குள் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாசற்படியில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், நள்ளிரவில் ஜன்னலடியில் கூச்சலிடாதீர்கள்.

ஞாயிறு காலை பத்து மணிவரை தூங்கிவிடாதீர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு நிறுத்தப்படும் வண்டிகள் மறுநாள் காலை 7.30-க்குத்தான் திரும்ப விடப்படும். ஐந்தரைக்கு அங்கே வந்துவிட்டால், நடைப்பயிற்சிக்கு வந்த உள்ளூர்ப் பெரியவர்களோடு, கற்களில் அலை மோதும் சத்தத்தைக் கேட்டபடி, கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம்.