விலையுயர்ந்த ஸ்பீக்கர் வயரை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வன்னிக்கு வரும் உறவினரின் பொதியில், சொக்லேற்றுப் பெட்டிகளுக்கு நடுவே இப்போது ஸ்பீக்கர் வயரும் வந்து இறங்குகிறது. என் மாமா கொண்டுவந்த சோடி சாரைப்பாம்பின் தடிப்பில், பின்னல் உறையும் தங்கமுலாம் பூசிய முனைகளுமாக இருந்தது. விலையைக் கேட்ட அக்கா, அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்றார். என்னிடம் ஏற்கெனவே இருந்ததோ, கிளிநொச்சியில் மீற்றர் கணக்கில் வெட்டி வாங்கிய 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். இரண்டையும் நேர்மையாக ஒப்பிடுவதற்கு ஒரு மல்ரிமீற்றர், ஒரு பற்றரி, வாய் திறக்காத ஒரு துணையாள் ஆகியவை போதுமானவை.

ஸ்பீக்கர் வயர்களுக்கிடையே காதுக்கு எட்டக்கூடிய வேறுபாடு இருந்தால், அது பெரும்பாலும் தடையிலிருந்தே, அதாவது வயர் மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவிலிருந்தே, வருகிறது. ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பியின் தடை மீற்றருக்குச் சுமார் 0.017 ஓம் ஆகும். அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீற்றர் தள்ளி இருந்தால், மின்னோட்டம் போய்வரும் தூரம் 10 மீற்றர், அதற்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தடை ஏறத்தாழ 0.07 ஓம், 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.23 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இந்த இரண்டுக்கும் இடையே 0.17 டெசிபல் வித்தியாசம் வரும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது இரட்டிப்பாகும். அத்துடன், ஸ்பீக்கரின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஓம் எண் ஒரு பெயரளவுக் கணக்கே தவிர, உண்மையில் அது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்குவதால், தடை கூடிய வயர் சில சுரங்களைச் சற்றே தூக்கியும் சிலவற்றைச் சற்றே அமுக்கியும் விடும். வயரின் மொத்தத் தடையை ஸ்பீக்கரின் ஓம் எண்ணில் இருபதில் ஒரு பங்குக்குள் வைத்திருப்பது வழக்கமான கணக்கு. வெள்ளி செப்பைவிட ஆறு சதவீதமளவே கூடுதலாகக் கடத்துகிறது. அந்த ஆதாயத்தைச் சற்றுத் தடித்த செப்பு வயரிலேயே பெற்றுவிடலாம் என்பதால், வெள்ளிக்கென்று காசு கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலுமினியத்தின் மேல் மெல்லிய செப்புப் பூச்சிட்ட கம்பிதான் உண்மையில் ஏமாற்றக்கூடியது. ஒரு முறை நல்ல தடிப்பான வயர் என்று நம்பி வாங்கி வந்து, முனையை உரித்து, ஓர் இழையைச் சவர அலகால் இலேசாகச் சுரண்டியபோது, செம்மை நிறம் உதிர்ந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அத்தகைய கம்பியின் தடை, அதே தடிப்புள்ள செப்பின் தடையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சுருளைக் கையில் தூக்கும்போதே, பருமனுக்குத் தகுந்த பாரம் இல்லை என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்ரிமீற்றரின் ஓம் பகுதியால் நேரடியாக அளக்க முடியாது. அதன் சொந்த வயர்களின் தடையே அதைவிடக் கூடுதலாக இருக்கும். இங்கேதான் மோட்டார் சைக்கிள் பற்றரி உதவிக்கு வருகிறது. ஒரே நீளமுள்ள இரண்டு வயர்களை எடுத்து, ஒவ்வொன்றின் தொலைமுனையிலும் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள். பின்னர் பற்றரி, 12 வோல்ற்று 21 வாற்ஸ் மின்குமிழ், முதல் வயர், இரண்டாம் வயர் என்ற ஒழுங்கில் அனைத்தையும் ஒரே சங்கிலியாகத் தொடுத்து, மின்குமிழ் எரியும்போது ஒவ்வொரு வயரின் இரு தொடக்க முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ற்றை அளவிடுங்கள். இரண்டினூடாகவும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால், எண் குறைந்த வயரே தடை குறைந்தது. மின்னோட்டத்தைத் தனியே அளக்கவும் தேவையில்லை. ஏறக்குறைய ஒன்றே முக்கால் அம்பியர் ஓடும்போது, மேலே சொன்ன 2.5 வயரில் 120 மில்லிவோல்ற்று அளவும் 0.75 வயரில் 400 அளவும் காட்டும். மின்குமிழ் இல்லாமல் பற்றரியோடு வயரை ஒருபோதும் இணைக்க வேண்டாம். (மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள், அன்று பாட்டு நின்றதெல்லாம் சுற்றியவனின் கை ஓய்ந்ததால்தான், வயரால் அல்ல.)

முனைகளையும் கவனிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் உப்புக்காற்றால் வெறுஞ் செப்பு பச்சை பூத்துவிடும். கரையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர்களில் செம்மண் தூசி திருகுகளில் படியும். ஒப்பீட்டுக்கு முன் பழைய வயரின் முனையைப் புதிதாக உரித்து இறுக்காவிட்டால், புதிய வயர் வென்றதாகத் தோன்றுவது சுத்தமான முனையின் வெற்றியாகவே இருக்கும்.

பிளேயரிலிருந்து அம்பிளிபயருக்குச் செல்லும் வயர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓரிரு மீற்றர் நீளத்தில், உறுதியான பிளக்கும் நல்ல கவசப் பின்னலும் இருந்தால் போதும். இசைத்தட்டுப் பிளேயர் வைத்திருப்போர் மாத்திரம் வயரின் கொள்ளளவத்தை (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் தன்மையை) பார்க்க வேண்டும், ஏனெனில் அது ஊசியின் உச்சச் சுரங்களை மாற்றக்கூடும்.

இனிக் கேட்டுப் பார்க்கும் கட்டம். ஒலி அளவு சற்றுக் கூடியதைக் காது ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், முதலில் அளவைச் சரிபார்க்க வேண்டும். கைபேசிச் செயலியொன்றிலிருந்து 200 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மாறுமின் (AC) வோல்ற்றை இரண்டு வயர்களுக்கும் அளந்து, ஒரு சதவீதத்துக்குள், அதாவது 3 வோல்ற்றுக்கு 0.03 வோல்ற்றுக்குள், பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மெல்லிய வயரைக் குறுக்கியோ மாற்றியோ சமப்படுத்த வேண்டும்.

தகரக் கூரையும் சீமெந்து நிலமும் உள்ள அறையில் ஒலி தெறித்துக் குழம்பும். பாயை விரித்து, மின்விசிறியை நிறுத்தி, கதிரையை அசைக்காமல் உட்காருங்கள். தலை ஒரு சாண் நகர்ந்தாலே, எந்த வயரும் தராத மாற்றம் கேட்கும். நன்கு பழகிய ஒரு நாதஸ்வர, தவில் பதிவில் இருபது விநாடித் துண்டொன்றைத் தெரிவு செய்யுங்கள்; தவிலின் வலந்தலை விழும் கூர்மை, வேறுபாடு இருந்தால் அதைக் காட்டுவதற்கு உகந்தது. ஒலியின் நுணுக்கம் நினைவில் சில விநாடிகளுக்கு மேல் நிற்காது என்பதால், மாற்றும் வேலை விரைவாக நடக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் அம்பிளிபயரை அணைத்த பின்னரே வயரைத் தொட வேண்டும்.

வயர்களைப் பழைய சேலையொன்றால் மறைத்துவிட்டு, துணையாள் நாணயத்தைச் சுண்டி எந்த வயர் என்று தீர்மானித்து, அதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். அவர் முகமும் உங்களுக்குத் தெரியக் கூடாது. எந்த வயர் ஓடுகிறது என்பதைக் கேட்டே நீங்கள் சொல்ல வேண்டும். இப்படி 16 தடவை செய்யுங்கள். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு அளவே. எனக்கு 9 சரியாக வந்தது, மருமகனுக்கு 7. உங்களுக்கு 12 அல்லது அதற்கு மேல் வந்தால், மில்லிவோல்ற்று எண்களையும் முனைகளின் இறுக்கத்தையும் திரும்ப ஒரு தடவை பாருங்கள். காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.