மைஎஸ்கியூஎலிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறியாச்சு: டேபிளின் அமைப்பைப் பார்ப்பது எப்படி?

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் டேட்டாபேஸ் மென்பொருள்கள். டேபிளின் அமைப்பைப் பார்க்க, மைஎஸ்கியூஎலில் பழகிய கை தானாகவே ‘டிஸ்க்ரைப்’ என்று தட்டும். போஸ்ட்கிரெஸ் அதற்கு சின்டாக்ஸ் எரர்தான் தரும். டேபிள் பட்டியல் கேட்கும் ‘ஷோ டேபிள்ஸ்’ இன்னும் குழப்பும்: இங்கே ‘ஷோ’ என்பது செட்டிங்குகளைப் பார்க்கும் கட்டளை, அதனால் டேபிள்ஸ் என்ற செட்டிங்கே இல்லை என்று பதில் வரும்.

முதலில் டெர்மினலில், போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை தரும் கருவியான பிஎஸ்கியூஎல் மூலம் உங்கள் டேட்டாபேஸுக்குள் நுழையுங்கள். பேக்ஸ்லாஷ் போட்டு, டிஸ்க்ரைப்பின் முதல் எழுத்தையும் டேபிளின் முதல் எழுத்தையும் ஒட்டி, சின்ன எழுத்தில் அடியுங்கள். செமிகோலன் வேண்டாம். டேபிள் பட்டியல் வரும்.

பட்டியல் காலியா? பதற வேண்டாம். டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்து வைக்கும் அறைக்கு ஸ்கீமா என்று பெயர். சில இடமாற்றக் கருவிகள் டேபிள்களை வழக்கமான ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் வைக்காமல் வேறொன்றில் வைத்துவிடும். அதே கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறி, புள்ளி, நட்சத்திரக் குறி என்று சேருங்கள். சிஸ்டம் டேபிள்களும் சேர்ந்து கொட்டும். அதற்குள் உங்களுடையதைத் தேடுங்கள்.

அடுத்து ஒரு டேபிளைப் பிரித்துப் பார்ப்போம். பேக்ஸ்லாஷ், டிஸ்க்ரைப்பின் முதல் எழுத்து மட்டும், இடைவெளி, டேபிள் பெயர். பெயரில் பெரிய எழுத்து இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கித் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும்.

மேலே நெடுவரிசைகள், கீழே இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவுவது), ஃபாரின் கீ (இன்னொரு டேபிளோடு இணைப்பது) விவரங்கள். பலர் மேல்பாதியோடு நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் கீழ்ப்பாதிதான் முக்கியம். நகர்த்தும்போது ஃபாரின் கீ விட்டுப்போனால் அங்கேதான் தெரியும்.

ஐடி வரிசையில் ‘டிஃபால்ட்’ என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். ஐடி எண்ணைத் தானாகத் தரும் மைஎஸ்கியூஎலின் ஆட்டோ இன்கிரிமெண்ட் இங்கே பெரும்பாலும் ‘நெக்ஸ்ட்வேல்’ என்று தொடங்கும் ஒரு வரியாகவோ, ‘ஐடென்டிட்டி’ என்றோ இருக்கும். காலியாக இருந்தால், ஐடி தராமல் புதிய வரியைச் சேர்க்க முடியாது. டிஃபால்ட் சரியாக இருந்தாலும் ஒரு சிக்கல் வரலாம். டேட்டா 5000 வரை வந்திருக்கும், எண் தரும் சீக்வென்ஸ் மட்டும் இன்னும் 1-இலேயே நிற்கும். புதிய வரி சேர்த்ததும் ‘டூப்ளிகேட் கீ’ எரர் வரும். ‘செட்வேல்’ ஃபங்ஷனால் அதை டேபிளின் அதிகபட்ச ஐடிக்கு நகர்த்திவிடுங்கள்.

சரி, இதையே பிஎச்பி, பைத்தான் கோடிலிருந்து செய்யலாமா? முடியாது. பேக்ஸ்லாஷ் கட்டளைகளைப் புரிந்துகொள்வது பிஎஸ்கியூஎல் போன்ற கருவிகள்தான், சர்வருக்கு அவை தெரியாது. கோடிலிருந்து என்றால், டேபிள்களைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’வில் உள்ள ‘காலம்ஸ்’ பட்டியலை செலக்ட் செய்யுங்கள். மைஎஸ்கியூஎலிலும் அது உண்டு என்பதால், பழைய சர்வரிலும் புதியதிலும் ஒரே மாதிரி வினவலை ஓட்டி, இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அங்கே ‘வார்கேர்’ என்று இருப்பது இங்கே ‘கேரக்டர் வேரியிங்’ என்று வரும்; அது பிழை இல்லை.