தயிர்ச்சட்டியை வைத்துத் தத்ரூபமாகப் படம் கீறப் பழகுவோம்

கல்லடியில் நான் எடுக்கும் சித்திர வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முகம் கீறத்தான் ஆசை. நான் அவர்கள் முன்னால் வைப்பதோ கழுவிக் காயவைத்த தயிர்ச்சட்டி. மட்டக்களப்பில் அதைத் தேடி அலையத் தேவையில்லை. மினுக்கம் இல்லாத சுட்ட மண் என்பதால், வெளிச்சம் அதன் வயிற்றில் படிப்படியாக மங்குவது துலக்கமாகத் தெரியும். நிழல் பழக இதைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை.

எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், அழிறப்பர், சற்றுச் சொரசொரப்பான தாள் போதும். பென்சில் கூர் கிராபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. களிமண் கூடினால் கடினமாகி வெளிறிக் கீறும். கிராபைட் கூடினால் மென்மையாகிக் கறுக்கும். பி-க்கு முன்னால் உள்ள எண் கூடக்கூடக் கருமையும் கூடும்.

படி 1: வெளிச்சம்
சட்டியை யன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, ரியூப் லைற்றை அணையுங்கள். இரண்டு பக்கத்தால் வெளிச்சம் வந்தால் நிழல் குழம்பிவிடும். வடக்கு யன்னல் நல்லது என்று மேல்நாட்டுப் புத்தகங்களில் இருக்கும். நமக்கு ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாயும். அந்த மாதங்களில் யன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள்.

படி 2: அளவு
முழங்கை மடியாமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் பெருவிரலுக்கும் இடையில் சட்டியின் உயரத்தைப் பிடியுங்கள். அதே அளவு அகலத்தில் எத்தனை தரம் அடங்குகிறது என்று பாருங்கள். பிறகு எச்பியால், அழித்தால் தடம் தெரியாத அளவுக்கு மெல்லிசாக உருவத்தைக் கீறுங்கள்.

படி 3: வாயும் அடியும்
மேலிருந்து பார்க்கும்போது சட்டியின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரண்டு ஓரமும் வளைந்துதான் திரும்ப வேண்டும், கூராகக் கூடாது. அடிப்பாகத்தைப் பலரும் நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். அடி நம் கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

படி 4: நிழல்
இங்கே அவசரம் வேண்டாம். தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, முதலாவதை வெள்ளையாக விட்டு, கடைசியை 6பியால் நிரப்பி, இடையில் உள்ள மூன்றையும் படிப்படியாகக் கறுப்பாக்குங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிச் சட்டியைப் பாருங்கள். வெளிச்சம் படும் இடம், அது மங்கும் இடம், இருண்ட பட்டை எல்லாம் பிரிந்து தெரியும். அந்தப் பட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் மேசையிலிருந்து தெறித்த சிறு வெளிச்சம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிள்ளையின் சட்டிதான் உருண்டு நிற்கும். ஆனால் அதை வெளிச்சப் பக்கம் அளவுக்கு வெளுக்க விடாதீர்கள். சட்டி மேசையைத் தொடும் இடுக்குத்தான் ஆகக் கறுப்பு. 6பியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விரலால் தேய்க்க வேண்டாம், எண்ணெய்ப்பசை தாளில் ஊறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்கும்; உள்ளங்கைக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டு வையுங்கள்.

படி 5: விளிம்பு
சுற்றிவர அழுத்திய ஒரே கோடு சட்டியைத் தட்டையாக்கிவிடும். வெளிச்சப் பக்கத்தில் கோட்டை அழிறப்பரால் ஒற்றி எடுத்து, பின்னால் உள்ள சுவரைக் கொஞ்சம் கறுப்பாக்குங்கள். விளிம்பு தானாகத் தெரியும்.

வெளிச்சம் மாறிவிட்டால் நிறுத்துங்கள். சட்டி இருந்த இடத்தையும் உங்கள் கதிரைக் கால்களையும் சோக்கால் குறித்துவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்காருங்கள்.