சளி டப்பாவில் தொடங்கும் தவறு

சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடிப் பிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் தாலுகா மருத்துவமனை வரை வந்துவிட்ட பிறகும் காசநோய் தப்பிப் போகிறது. பெரும்பாலும் குற்றம் கருவியில் இல்லை, நோயாளி கையில் கொடுத்த டப்பாவில் இருக்கிறது.

"இதுல துப்பிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால் அவர் எச்சிலைத்தான் துப்புவார். வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்து அடக்கி, அடிநெஞ்சிலிருந்து இருமிச் சளியை எடுக்கச் சொல்ல வேண்டும். அதுவும் கழிவறைக்குள் அல்ல, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில். மைக்ரோஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். சிபிநாட்டுக்கு நூற்றுச் சொச்சம் போதும். ஆனால் நுரை நுரையாக எச்சில் வந்தால் எந்தக் கருவியும் கைவிரிக்கும். அந்த 'நெகட்டிவ்' சீட்டை நம்பி வீட்டுக்குப் போனவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பார். மறுபடி சளி கேட்க லேப் ஊழியர்களுக்கு ஏனோ கூச்சம். கேட்டுவிடுங்கள். சளியைக் கண்ணாடித் துண்டில் (ஸ்லைடு) தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் இடங்களில் காலைச் சளியையும் சேர்த்து இரண்டு மாதிரி வாங்குங்கள். நெகட்டிவ் என்று எழுதுமுன் ஸ்லைடில் 100 புலங்களை (மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வையில் தெரியும் வட்டப் பகுதிகளை) பார்த்தாக வேண்டும். ஸ்லைடுகள் குவிந்துகிடக்கும் நாளில் இதுதான் முதலில் குறுகும்.

இருமலுக்கு மருந்துக்கடையில் லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடுவது அடுத்த தவறு. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோய் தணிந்ததுபோலத் தெரியும், பரிசோதனை தள்ளிப்போகும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபியைக் கண்டுபிடிக்கும் கிட்களை இந்தியா 2012-லேயே தடைசெய்துவிட்டது. யாராவது செய்யச் சொன்னால் மறுத்துவிடலாம்.

சிகிச்சை தொடங்கியபின் நோய் குறைகிறதா என்று சிபிநாட்டில் பார்ப்பதும் தவறு. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பிடித்துக் காட்டும். குணமாகிவருபவருக்கும் 'பாசிட்டிவ்' வரும், வீண் பீதி. இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடியும்போதும் ஸ்லைடு பரிசோதனைதான் சரி. இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஸ்லைடில் கிருமி தெரிந்தால், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று விசாரிப்பதோடு மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்கும் சளி அனுப்ப வேண்டும்.

எடை பார்க்க மறப்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். காசநோய் மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரையை எடைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும்: 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை 4. பசியெடுத்துச் சாப்பிட்டு 46-லிருந்து 52 கிலோவுக்கு வந்தவருக்குப் பழைய கணக்கிலேயே மாத்திரை போய்க்கொண்டிருக்கும். இந்தப் பசி திரும்பும் கட்டத்தில்தான் பலர் "சரியாயிடுச்சு" என்று நிறுத்தியும் விடுகிறார்கள். இந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லாததால் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு.

வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனை) சேர்ந்ததற்குச் சமமாகக் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. அதற்காக எல்லாரையும் மாத்திரைப் பட்டையோடு வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. சிகிச்சையின் முதல் சில வாரங்களில்தான் சாவு அதிகம். அதனால்தான் தமிழ்நாட்டில் 2022-ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானதுமே மெலிவு, ஆக்சிஜன் அளவு, உதவியின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கச் சொல்கிறது. இதற்கு லேப்கூட வேண்டாம். எடை எந்திரம், உயரம் அளக்க ஒரு டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அவ்வளவுதான்.