வாசல் புங்கமரத்திலிருந்து தொடங்கலாம்: இளவேனில் செயல்திட்டம் போடுவது எப்படி?

மாசி பிறந்ததும் எங்கள் பள்ளி ஆயாம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். வாசலில் நிற்கும் புங்கமரம் இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். காலையில் பெருக்கினால் பதினொரு மணிக்கெல்லாம் தரை மறுபடி மூடியிருக்கும். "இந்த மரத்துக்கு வேற வேலையே இல்லையா" என்று துடைப்பத்தோடு நின்று மேலே பார்ப்பார். அந்தக் குப்பையை வைத்தே நான்கு வாரம் பாடம் நடத்தலாம் என்பது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது.

முதல் வருடம் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்புக்கு 'வசந்த காலம்' என்று ப்ராஜெக்ட் கொடுத்தேன். எல்லாப் பாடமும் உள்ளே வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முப்பத்தாறு சார்ட் வந்தது. எதைப் பிரித்தாலும் டூலிப் பூ, பனி உருகும் மலை, முயல்குட்டி. பாதிக்கு மேல் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரே படத்தைக் கலர் பிரின்ட் எடுத்து ஒட்டியவை. "மிஸ், இந்தப் பூ நம்ம ஏரியாவுல எங்க இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் முழித்தேன். சார்ட்டெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்ந்தன.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். முதன்முறை இறங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இது சரியாக வரும்.

படி 1: எந்த வசந்தம் என்று முடிவு செய்யுங்கள்

பாடப்புத்தகக் கணக்குப்படி இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். அப்போது பள்ளியில் யார் இருப்பார்கள்? மார்ச் கடைசியில் தேர்வு மும்முரம், பிறகு விடுமுறை. ஆனால் சென்னை மரங்கள் நாள்காட்டியைப் பார்த்து வேலை செய்வதில்லை. மாசியிலேயே அரசு, புங்கை, வேம்பு எல்லாம் பழைய இலையை உதிர்த்துத் துளிர்விடத் தொடங்கிவிடுகின்றன. இலக்கணம் பின்பனி என்று சொல்லும் காலத்தில் நம் தெருவில் இளவேனில் பாதி வந்திருக்கும். இந்த முரண்பாடு நல்ல சரக்கு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, பிப்ரவரி மூன்றாம் வாரம் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரத்தில் முடிவதாக நான்கு வாரம். தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

படி 2: தனியாக ஒரு நடை

பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் நீங்கள் ஒருமுறை வளாகத்தையும் பள்ளித் தெருவையும் சுற்றி வாருங்கள். அரைமணி நேரம் போதும். எந்த மரம், எத்தனை, பிள்ளைகள் கிட்டே போய் நிற்க இடம் இருக்கிறதா, தேன்கூடு இருக்கிறதா, கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். முருங்கையடியில் கட்டாயம் பாருங்கள். அரளி இருந்தால் அது விஷச்செடி, தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வளாகத்தில் மரமே இல்லையா? சென்னையில் நிறையப் பள்ளிகள் அப்படித்தான். தெருமுனைத் தூங்குமூஞ்சி மரமோ கோயில் அரசமரமோ போதும். ஒரே ஒரு மரம் இருந்தாலும் சரி, நான்கு வாரமும் அதே மரமாக இருக்க வேண்டும்.

படி 3: ஒரே ஒரு கேள்வி

வேலை நிற்பதும் விழுவதும் இங்கேதான். 'வசந்த காலம் என்றால் என்ன?' என்று கேட்டால் பிள்ளைகள் போனில் தேடி எழுதிவிடுவார்கள். போனில் கிடைக்காத பதிலாக இருக்க வேண்டும். நான் கேட்பது: "நம்ம தெருவுக்கு இளவேனில் எந்த வாரம் வருது? வந்துடுச்சுன்னு எதை வெச்சுச் சொல்லுவ?"

இதற்குப் பதிலாகக் கடைசியில் ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு தெருக் காலண்டர். எந்த வாரம் எந்த மரம் உதிர்த்தது, எது துளிர்த்தது, குயில் சத்தம் எப்போது கூடியது, மல்லிகை விலை என்ன ஆனது எல்லாம் ஒரே நீளத் தாளில். அதை வாசல் கேட்டில் மாட்டுவோம். பெற்றோர், ஆட்டோக்காரர், ஆயாம்மா எல்லாரும் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் கையெழுத்தே மாறிவிடும்.

படி 4: பாடங்களை இழுக்காதீர்கள், வருவதை வரவிடுங்கள்

ஒரு தாளின் நடுவில் கேள்வியை எழுதுங்கள். அதற்குப் பதில் தேட எந்தப் பாடம் உண்மையிலேயே தேவைப்படுகிறதோ அதை மட்டும் சுற்றி எழுதுங்கள். வராத பாடத்தை விட்டுவிடுங்கள். 'இளவேனிலும் கணினியும்' என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லி யாருக்கும் லாபம் இல்லை. எங்களுக்கு வந்தவை இவை.

கணக்கு: மரத்தடியில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள். காலை மணி அடிக்கும் முன் அதைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, மாலையில் உள்ளே விழுந்த இலைகளை எண்ண வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் பூக்களை. நான்கு குழு, நான்கு சதுரம், சராசரி, பட்டை வரைபடம். ஒரு சதுரத்தில் 61, பக்கத்துச் சதுரத்தில் 9 என்று வந்ததும் "தப்பா எண்ணிட்டான் மிஸ்" என்று சண்டை வரும். யாரும் தப்பாக எண்ணவில்லை, காற்று ஒரு பக்கமாக அடித்தது. சராசரி எதற்கு என்று அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே நிபந்தனை, ஆயாம்மாவிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஒருமுறை சொல்ல மறந்தேன். மாலையில் நான்கு சதுரமும் பளிச்சென்று இருந்தன.

இன்னொன்று நிழற்குச்சி. ஒரு மீட்டர் குச்சியை வெயில்படும் சமதரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபாருங்கள். சென்னையில் இந்த மாதங்களில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12:15 முதல் 12:25க்குள். பல பள்ளிகளில் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம், ஆகவே யார் பீரியடையும் கடன் கேட்க வேண்டாம். பிப்ரவரி 20 வாக்கில் அந்த உச்சி நேரத்து நிழல் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இருக்கும். மார்ச் 6இல் 34, மார்ச் 20இல் 23. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாள் அது. வாரம் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினால், சூரியன் வடக்கே நகர்வது சிமெண்டுத் தரையிலேயே பதிவாகிவிடும். இதுவே அறிவியலும் புவியியலும் ஆகிவிடுகிறது, தனியாக ஒட்டவைக்க வேண்டியதில்லை.

அறிவியல்: உதிர்ந்த புங்கம்பூ ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். நகத்தால் மெதுவாகப் பிரித்தால் மேலே ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே படகு மாதிரி ஒட்டிய இரண்டு. கொடி, சிறகு, படகு. அப்புறம் வீட்டிலிருந்து ஓர் அவரைப்பூ கொண்டு வரச் சொல்லுங்கள். அதே அமைப்பு. "புங்கமரமும் அவரைக்கொடியும் சொந்தமா மிஸ்?" என்று கேட்டவன் அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காத பையன்.

தமிழ்: குறுந்தொகையின் 53ஆம் பாட்டில், முற்றத்து வெண்மணலில் உதிர்ந்த புன்கம்பூ (நம் புங்கம்பூதான்), வேலன் வெறியாடும், அதாவது சாமியாடும், களத்தில் சிதறிய நெற்பொரி போல இருப்பதாக வரும். இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். சாக்பீஸ் சதுரத்தில் பூ கிடக்கும்போது "இது எது மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் பொரி என்பார். பாட்டை அப்போது எடுங்கள். அதே நூலின் 66ஆம் பாட்டில், பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்த கொன்றையை மடமரம் என்று தோழி சொல்கிறாள். நம் ஊர்ச் சரக்கொன்றையோ ஏப்ரல், மே வெயிலில் பூத்துக் குலுங்குகிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாமல் கேள்வியைக் காலண்டரிலேயே ஒட்டிவையுங்கள்.

சமூக அறிவியல்: பூக்கார அக்காவிடம் பேட்டி. எந்த மாதம் எந்தப் பூ வருகிறது, கோயம்பேட்டில் கிலோ கணக்கில் வாங்கி இங்கே முழக்கணக்கில் விற்பது எப்படி, வெயில் காலத்தில் மல்லிகை ஏன் விலை இறங்குகிறது. பனியில் விளைச்சல் குறையும், வெயிலில் கூடும். அளிப்பும் விலையும் என்ற பாடம் தெருவில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறது. முழம் என்று வந்ததும் வகுப்பே கையை நீட்டி அளக்கும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஆளுக்கு ஆள் வேறு. "அப்போ உயரமான அக்காகிட்ட வாங்கினா லாபம்" என்றது ஒரு குழு. இதுவும் கணக்குக்கே போனது.

ஓவியத்துக்கு இலை, பூ இரண்டையும் பார்த்து வரைவது. ஆங்கிலத்துக்குப் பேட்டியின் சுருக்கம். இவ்வளவு போதும்.

படி 5: ஸ்டாஃப் ரூமில் பேசுங்கள்

தனியாகச் செய்ய முடியாத வேலை இது. "போர்ஷனே முடியல, இதுல மரமா?" என்று கணக்கு சார் கேட்பார், கேட்பதும் நியாயம்தான். அவரிடம் கூடுதல் பீரியட் கேட்காதீர்கள். சராசரியும் வரைபடமும் எப்படியும் நடத்த வேண்டியவை, அந்தப் பீரியடை மரத்தடியில் எடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். முதல் வருடம் இரண்டு ஆசிரியர் சேர்ந்தால் தாராளம். எச்.எம்.மிடம் போகும்போது நான்கு வாரத் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள், அதில் எந்தப் பாடத்தின் எந்த அலகு முடிகிறது என்று ஒரு பத்தி இருக்கட்டும்.

படி 6: வாரக் கணக்கு

முதல் வாரம் நடை, கேள்வி, குழு பிரிப்பு, முதல் நிழற்கோடு. குழுவுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வாரம் எண்ணுவது, அளப்பது, பேட்டி. நான்காம் வாரம் முழுக்கக் காலண்டர் தயாரிப்புக்கு. புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். தகவல் சேர்ப்பதிலேயே மூன்றே முக்கால் வாரம் போய்விடும், காலண்டரைக் கடைசி நாள் ராத்திரி ஏதோ ஒரு வீட்டு அம்மா வரைந்து அனுப்புவார். வேலையை வகுப்பறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நாடு முழுக்க மரங்களின் பருவமாற்றத்தைப் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் பதிவுசெய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து இலை, பூ, காய் எவ்வளவு என்று குறிப்பதுதான் அதன் முறை. நாமும் நோட்டில் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வருடம் நான்காம் வாரம் வரை எங்கள் புங்கமரம் பூக்கவே இல்லை. பிள்ளைகள் முகம் சுருங்கிவிட்டது. "பூக்கலைன்னு தேதி போட்டு எழுதுங்க, அதுவும் பதில்தான்" என்றேன். அடுத்த வகுப்புக்காரர்கள் முதலில் தேடிப் படித்தது அந்த வரியைத்தான்.

படி 7: மதிப்பெண்

முப்பருவ முறை உள்ள வகுப்புகளில் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீடு (அ)வுக்கு 20 மதிப்பெண் இருக்கிறது. இந்த வேலையை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். நான் பார்ப்பது நோட்டைத்தான். தேதி, நேரம் இருக்கிறதா, சொந்தமாகப் பார்த்ததா, எண்ணிக்கை மாறியபோது காரணம் யோசித்தார்களா. அடித்துத் திருத்தியிருந்தால் குறைப்பதில்லை. இணையப் படம் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் இல்லை, இதில் மட்டும் நான் கறார். பறித்த பூவுக்கும் கிடையாது, உதிர்ந்தது மட்டும்தான்.

படி 8: வெளியே போக முடிந்தால்

கட்டாயமில்லை. முடிந்தால் கிண்டி சிறுவர் பூங்காவோ, மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா நேரமோ. அங்கே கபாலீசுவரர் கோயில் தலமரம் புன்னை. என் ஓட்டு கடற்கரைக்கு. ஜனவரி முதல் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கும் வேலையை மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் செய்துவருகிறது. பொரிய ஒன்றரை மாதம் போல ஆகும் என்பதால் மார்ச்சில் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பெசன்ட் நகரில் பார்க்க வாய்ப்பு உண்டு. பெயரிலேயே பங்குனி இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், தண்ணீர், தொப்பி.

காலண்டரைக் கேட்டில் மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிழற்குச்சிக் கணக்கு பாதியில் நிற்கிறது. மார்ச் 20இல் 23 சென்டிமீட்டர், வாரா வாரம் குறைகிறது, எந்த நாளில் பூஜ்யம் ஆகும் என்று வரைபடத்தை நீட்டிக் கணிக்கச் சொல்லி, ஆளுக்கொரு தேதியை நோட்டில் எழுதி வாங்குங்கள். சென்னையில் அது ஏப்ரல் 24, நண்பகல் 12:07 வாக்கில். விடுமுறையில் இருப்பார்கள். மொட்டைமாடியில் ஒரு டம்ளரை நிறுத்தி வைத்துப் பார்த்தால் போதும், நிழல் டம்ளருக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். போன வருடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பதினொரு படம் வந்தது. ஒன்றில் டம்ளரோடு பாட்டியின் வடகமும் காய்ந்துகொண்டிருந்தது. அன்று மேகம் மறைத்துவிட்டால் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதற்குள் அவர்கள் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.