ரூம்மேட் பிரபலமாகிவிட்டாரா? நினைவுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியின் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். ஹாஸ்டலில் என்னோடு இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவர் இன்று பெயர் சொன்னாலே தெரியக்கூடிய மிருதங்கக் கலைஞர். உட்கார்ந்த கையோடு நான்கு பக்கம் எழுதி முடித்தேன். விளக்கணைந்த பிறகும் அவர் தன் டிரங்குப் பெட்டியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கிப்போவோம் என்பது முதல் பத்தி. அனுப்புவதற்கு முன் எங்கள் மூன்றாவது ரூம்மேட்டுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டேய், பெட்டியில தட்டினது நான்டா. அவன் ஒன்பதரைக்கெல்லாம் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கிடுவான். நான் தட்டுற சத்தத்துல தூக்கம் போகுதுன்னு ஒரு தடவை வார்டன்கிட்டயே போய்ச் சொல்லிட்டான்" என்றான்.

பொய் எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காட்சி என் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. பெட்டியின் பச்சை நிறம், விரல், இருட்டு எல்லாம் சரி. உட்கார்ந்திருந்த ஆள்தான் மாறிப்போயிருந்தார். அதன் பிறகு மலர்களுக்கும் பாராட்டு விழாக்களுக்கும் இப்படிக் கட்டுரை எழுத உட்காரும் நண்பர்களிடம் சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

"அப்பவே எனக்குத் தெரியும்"

இந்த வரி வராத நினைவுக் கட்டுரை அபூர்வம். புகழ் வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் பழைய நாட்கள் எல்லாம் அந்தப் புகழை நோக்கியே நடந்ததுபோல் தோன்றும். இன்று பாடகராக இருப்பவர் அன்று குளியலறையில் பாடியது நினைவுக்கு வரும். அதே குளியலறையில் அவரைவிட நன்றாகப் பாடியவன் பிறகு வங்கி வேலைக்குப் போனது நினைவுக்கு வராது.

மனம் இப்படி மாற்றி அடுக்குவதைக் கையும் களவுமாகப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறிப்போனது. மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், அந்தச் செய்தியை எங்கே இருந்தபோது, யார் சொல்லி, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடியும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. ஒரு மாணவி மறுநாள் காலை எழுதியிருந்தது, வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டதைக் கேட்டேன் என்று. பின்னாளில் அவர் சொன்னது, ஹாஸ்டல் அறையில் ரூம்மேட்டோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. சொந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. இரண்டரை வருடத்துக்கே இப்படி என்றால், முப்பது வருடம் கழித்து எழுத உட்காரும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ஆகவே கட்டுரையைத் தொடங்குவதற்கு முன்பு ஒரு வெள்ளைத்தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். நான் கண்ணால் பார்த்தது ஒன்று. அன்றைக்கே பிறர் சொல்லிக் கேட்டது ஒன்று. அவருடைய பேட்டிகளில் பின்னால் படித்தது ஒன்று. மூன்றாவதுதான் ஆபத்தானது. அவர் ஒரே சம்பவத்தைப் பத்து மேடையில் சொல்லியிருப்பார், நாம் பத்து முறையும் கேட்டிருப்போம், பதினோராவது முறை நாமே பக்கத்தில் நின்று பார்த்ததாக நம்பிவிடுவோம். அந்த மூன்றாம் பத்தியில் வருவதை அப்படியே விட்டுவிடலாம், அவரே சொல்லிக்கொள்வார். முதல் பத்தியில் ஐந்து வரிதான் தேறுகிறதென்றால் அந்த ஐந்து வரியே போதும்.

புகழுக்குச் சம்பந்தமில்லாததை வெட்டிவிடுவது

மேலே சொன்ன தவறின் மறுபக்கம் இது. இசைக்கலைஞர் என்றால் இசை, அரசியல்வாதி என்றால் அரசியல் என்று தேடித்தேடி எழுதுவார்கள். அவருடைய இசையைப் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அவர் எப்படித் துணி காயப்போடுவார் என்று எழுத ரூம்மேட்டைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்து இந்த வகையில் ஈடில்லாத நினைவு, கணிதமேதை ராமானுஜனைப் பற்றி மஹலனோபிஸ் சொல்லி வைத்தது. 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அதே மஹலனோபிஸ்தான். 1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரிக்கு வந்தபோது இவர் பக்கத்திலேயே கிங்ஸ் கல்லூரியில் மாணவர். ரூம்மேட் இல்லை, ஆனால் அறைக்குப் போய்வருகிற நெருக்கம். குளிர்காலம் தொடங்கியதும், ராத்திரியில் குளிருக்கு இதமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டு, மேலே சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கம்பளிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் அந்த ஊர் வழக்கப்படி மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டிருக்கிறார்கள். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே கிடந்த அந்த மெல்லிய விரிப்புக்கு அடியில் மட்டும் படுத்திருந்திருக்கிறார்.

கணிதம் ஒரு வரி இல்லை. ஆனால் கும்பகோணத்திலிருந்து போன ஒருவர் அந்த அறையில் எப்படி இருந்தார் என்பதை இதைவிடக் கிட்டத்தில் காட்டும் இன்னொன்றை நான் படித்ததில்லை.

கணிதம் வரும்போதும் மஹலனோபிஸ் அடுப்பை விட்டு நகரவில்லை. ஒரு நாள் ராமானுஜன் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்கிறார், இவர் பத்திரிகையில் வந்த ஒரு புதிரை வாசிக்கிறார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். விடை, 288 வீடுள்ள தெருவில் 204-ஆம் எண் வீடு. ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, அந்த வகைப் புதிர்கள் அத்தனைக்கும் விடை தரும் ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் கோவையை, சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். கையில் கரண்டி இருந்ததைச் சொல்லாமல் விட்டிருந்தால் இது இன்னொரு புகழுரையாகத்தான் நின்றிருக்கும்.

அவனா, அவரா?

தமிழில் எழுதுகிறவருக்கு முதல் வாக்கியத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிடும். நான் பார்த்த பல கட்டுரைகளில், ஹாஸ்டல் பத்திகளில் "அவன்" என்று இருக்கும், விருது வாங்கும் பத்தி வந்ததும் சத்தமில்லாமல் "அவர்" ஆகிவிடும். படிக்கிறவருக்கு அது உடனே உறைக்கும். மதித்தது ஆளையா விருதையா என்ற கேள்வி எழும். ஏதாவது ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். என் வழக்கம், எழுத்தில் "அவர்", அன்று பேசிய பேச்சை அப்படியே தரும்போது மட்டும் "வாடா, போடா". தோழியைப் பற்றி எழுதும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். உரிமையோடு எழுதும் "அவள்" அச்சில் வேறு மாதிரி ஒலிக்கும், அதனால் அவரையே கேட்டுவிடுவது நல்லது.

பட்டப்பெயரை அச்சில் ஏற்றாதீர்கள். ஹாஸ்டல் பட்டப்பெயர்களில் பாதி நிறத்தையும் உடம்பையும் ஊரையும் சாதியையும் வைத்து வந்தவை. கூப்பிட்டவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக அந்தப் பெயரைச் சுமந்தவரும் சிரித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நீண்ட உரையாடல்களும் வேண்டாம். முப்பது வருடத்துக்கு முந்தைய பேச்சில் ஒரு வாக்கியம் நினைவிருக்கலாம், முக்கால் பக்கம் நினைவிருக்காது.

சொல்ல நமக்கு உரிமை இல்லாதவை

ஒரே அறையில் இருந்ததால் தெரிந்தவை பல. அரியர், காதல், வீட்டுச் சண்டை, கட்டணச் சலுகையில் படித்தது, யாரிடம் எவ்வளவு கடன் என்பது. இவை நம்மிடம் வந்து சேர்ந்தது கதவு மூடியிருந்ததால்தான். வறுமையைக்கூடக் கவனமாகத் தொட வேண்டும். "ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டார்" என்று நாம் பெருமையாக எழுதுவதை அவருடைய வயதான அம்மா எப்படிப் படிப்பார்? அச்சுக்குப் போகும் முன் அவருக்கே அனுப்பிக் கேட்டுவிடுங்கள். அவர் காலமாகியிருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். இறந்தவரைப் பற்றிய எழுத்தும், குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு அவர் பெயரைக் கெடுத்தால், நம் சட்டத்தில் அவதூறாகலாம்.

பழைய கடிதங்களை வெளியிடுவதிலும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நமக்கு வந்த கடிதத்தின் தாள் நம்முடையது, எழுத்து எழுதியவருடையது. இந்தியாவில் எழுதியவரின் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும், அவர் இறந்த பிறகே முதலில் வெளியாகும் எழுத்துக்கு அந்த 60 ஆண்டு வெளியான பிறகுதான் தொடங்கும். அனுமதி வாங்காமல் கடிதத்தை முழுதாக அச்சிடக் கூடாது.

என் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். டிரங்குப் பெட்டி போய்விட்டது. மூன்று பத்தி பிரித்துப் பார்த்ததில் என் கண்ணால் கண்டதாக மிஞ்சியது அதிகமில்லை. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் குருவின் வீட்டுக்குப் போவார். அங்கே என்ன நடக்கிறது என்று நாங்கள் இருவருமே விசாரித்ததில்லை. ஞாயிறு மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டு வந்ததும், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை எழுதுவார். முதலில் முகவரிதான். அப்பா பெயர், தெரு, ஊர் எழுதி, ஊருக்கு அடியில் ஒரு கோடு போடுவார். அப்புறம் அட்டையைத் திருப்பி விஷயத்தைத் தொடங்குவார். இடம் போதாவிட்டால் ஓரத்தில் செங்குத்தாக எழுதுவார். முகவரியை ஏன் முதலில் எழுதினார் என்று இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் மலருக்கு அனுப்பினேன்.